மேலிடத்துக்குப் பசிக்கிறது

அந்தக் கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவருக்கு மேலிடம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கீழே கொக்கியில் சுமை கட்டுகிறவர் வைத்தது. யாராவது வந்து, இந்தக் கம்பிக்கட்டை அந்தப் பக்கம் தூக்கி வைக்க முடியுமா என்று கேட்டால், கட்டுக்காரர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். காற்று பலமாக அடித்து வேலை நின்றுபோனால் மேலிடத்து உத்தரவு என்பார். சொல்லிச் சொல்லி அது எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. போகப்போக மேஸ்திரிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

பெயருக்குத் தகுந்த ஆள்தான். மஞ்சள் நிற இரும்புக் கோபுரத்தின் உச்சியில், கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் இறங்குவது என்ற பேச்சே கிடையாது. மற்ற இடங்களில் கிரேன் ஓட்டுகிறவர்கள் மதியம் கீழே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். அதெல்லாம் சொகுசு என்பது அவர் கட்சி. இறங்கி ஏறுகிற நேரத்தில் நாலு சுமையைத் தூக்கி வைத்துவிடலாமே. தான் மேலேயே இருப்பதால்தான் கீழே வேலை தடையில்லாமல் நடக்கிறது என்று அவருக்கு ஒரு பெருமை. அதை அவர் வெளியே சொன்னதில்லை. உள்ளுக்குள் வைத்து நன்றாக வளர்த்து வந்தார்.

கையோ பொன்னான கை. ஆள் உயரக் கண்ணாடிப் பலகைகளைப் பத்தாவது மாடியில் இறக்கும்போது, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல இறக்குவார். இறங்குகிற இடத்தில் நின்று ரேடியோவில் வழி சொல்கிற பெண்ணை எல்லோரும் சிக்னல் என்பார்கள். "இறக்கு. மெதுவா. இன்னும் மெதுவா. நில்லு." இவ்வளவுதான் அவள் பேச்சு. ரேடியோவில் வேலை வார்த்தை தவிர வேறு வார்த்தை கூடாது, வேலை வார்த்தையில் மரியாதையும் கூடாது. ஒரு எழுத்து கூடினாலும் சுமை ஒரு சாண் தள்ளிப் போய்விடும். ஆனால் சாயங்காலம் அவர் தரையில் கால் வைத்ததும், "வாங்கண்ணே, இன்னைக்குக் காத்து ரொம்பப் படுத்திடுச்சா?" என்று அண்ணனுக்குக் குறைவில்லாமல் பேசுவாள்.

இத்தனை பதமாக இறக்கத் தெரிந்த மனிதர் தன் வயிற்றுக்குள் எதையும் பதமாக இறக்கியதே இல்லை. அதுதான் இந்தக் கதை.

காலையில் ஒரு டம்ளர் கடுந்தேநீர், அவ்வளவுதான். வயிறு காலியாக இருந்தால் ஏணி ஏறச் சுலபம் என்பார். மதியச் சாப்பாடு டப்பாவில் வரும். மடியில் வைத்துக்கொண்டு, கொக்கி கீழே போய்க் கட்டுக்காரர் சுமை கட்டுகிற அந்தச் சின்ன இடைவெளியில் சாப்பிடுவார். "தூக்கு" என்று குரல் வந்தால் வாயில் இருப்பது அப்படியே உள்ளே போகும். வருஷக்கணக்கில் இப்படியே பழகி, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, யாரோ 'தூக்கு' என்று சொல்லப்போகிற மாதிரியே விழுங்குவார். பல்லுக்கு அந்த வீட்டில் வேலையே இல்லை என்று அவர் மனைவி சொல்வாள்.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். மேலே கழிப்பறை கிடையாது. குடித்தால் இறங்க வேண்டும். இறங்கக் கூடாது என்றால் குடிக்கக் கூடாது. மனைவி தினமும் ஒரு பெரிய எவர்சில்வர் பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். அது நிறைகுடமாக மேலே போய் நிறைகுடமாகவே கீழே வரும். அவள் பார்த்தால் வருத்தப்படுவாள் என்று, வாசல் கேட்டின் ஓரம் நின்ற ஒரு செடியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவார். சிமெண்டும் தூசியுமாகக் கிடந்த அந்த வளாகத்தில் அந்த ஒரு செடி மட்டும் தளதளவென்று நின்றதற்குக் காரணம் அதுதான்.

மனைவிக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடித்து அடுக்கிவிட்டு அவள் வீடு வந்து சேர இருட்டிவிடும். அவள் வரும்வரை அவர் சாப்பிடாமல் இருப்பார். நாள் முழுக்க இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிற ஒரே நேரம் அதுதான். மதியம் அவசரத்தில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் ராத்திரியே சரிக்கட்டிவிட வேண்டும் என்பதுபோல் தட்டில் மலையாகப் பரிமாறுவாள். பொரித்தது, வறுத்தது, எண்ணெய் மிதக்கிறது எல்லாம் இருக்கும். அவளுடைய அன்பை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வராது. சாப்பிட்ட கை காய்வதற்குள் படுத்துவிடுவார்கள்.

படுத்ததும் ஆரம்பிக்கும். நெஞ்சுக்கு நடுவில் யாரோ அடுப்பு மூட்டுவதுபோல் ஒரு எரிச்சல். தொண்டை வரைக்கும் கசப்பாக ஏதோ ஏறி வரும். எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். காலைக்கடனோ பேருக்குத்தான் காலைக்கடன்; மூன்று நாலு நாளைக்கு ஒருதரம் வட்டியும் முதலுமாகத் தீரும். மதியம் ஆனால் தலைவலி. கெண்டைக்காலில் திடீரென்று நரம்பு இழுக்கும். முன்பெல்லாம் கட்டுக்காரர் கிண்டலுக்கு மேலேயிருந்து சிரிப்பார். இப்போது எரிந்து விழுந்தார்.

இதில் எதையும் அவர் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நெஞ்சு எரிந்தால் அது நெஞ்சு சம்பந்தப்பட்டது என்றுதான் நினைத்தார். இதயத்தில் கோளாறு என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். டாக்டரிடம் போகவும் பயம். கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. தகுதி இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் மேலே ஏற முடியாது. அந்தப் பரிசோதனை அடுத்த வாரம் வரவிருந்தது. மேலே உட்காராத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஊரே காலடியில் கிடக்க, கொக்கியின் நுனி விரல் நுனியாக ஆகிவிட்ட அந்த இருக்கையைத் தவிர, உலகத்தில் தனக்கென்று ஒரு இடம் இல்லை என்று அவர் நம்பினார். ஆகவே எப்படியாவது அந்த வாரத்தைத் தாண்டிவிட வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, இன்னும் குறைவாகச் சாப்பிடுவது.

அன்று மதியம் வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. கொக்கி காலியாகத் தொங்கியது. கீழே கட்டுக்காரர் கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலிடம் டப்பாவைத் திறப்பதற்காக, காலுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்த இடம் ரேடியோவின் பெடல். அந்த அறையில் கை இரண்டும் எப்போதும் நெம்புகோல்களில் இருக்க வேண்டும் என்பதால், பேசுவதற்குக் காலால் மிதிக்கிற பெடல்தான் வைத்திருந்தார்கள். மிதித்தால் பேச்சு கீழே போகும், விட்டால் நின்றுவிடும். ஒரு வாய் தண்ணீர் குறையாத அந்தப் பாட்டில், ஒரு காலின் வேலையைக் கச்சிதமாகச் செய்தது.

கீழே எல்லோருடைய இடுப்பிலும் தோளிலும் இருந்த ரேடியோக்களில் முதலில் டப்பா திறக்கிற சத்தம் வந்தது. அப்புறம் அவசர அவசரமாக விழுங்குகிற சத்தம். ஒரு நீண்ட ஏப்பம். கட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்து, மேலிடத்து அறிக்கை வெளிவந்துவிட்டது என்றாராம். அதற்குப் பிறகு ஒரு முனகல் வந்தது. பிறகு பேச்சு. மேலிடம் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றின் மேல் கையை வைத்து, அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வாரம் பொறுத்துக்கடா ராசா. டாக்டர் முன்னாடி மானத்தை வாங்கிடாத. எரியறது நீயா நெஞ்சான்னுகூட எனக்குத் தெரியல. நெஞ்சா இருந்தா என்னை இறக்கிடுவாங்க. கீழ போய் நான் என்னடா பண்ணுவேன்? கீழ எனக்கு யாரைத் தெரியும்? அவகிட்டயும் சொல்லல. சொன்னா அழுவா. உனக்கு என்ன வேணும்னு சொல்லித் தொலையேன், தர்றேன்."

கீழே யாரும் சிரிக்கவில்லை. சிக்னல் ரேடியோவைக் கையில் எடுத்து அவரை நிறுத்தப் பார்த்தாள். ஆனால் ஒருவர் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் பேச்சு போகாது. கையை ஆட்டினாள். தலைக்கவசத்தைக் கழற்றி ஆட்டினாள். அவர் கண்ணைத் திறந்தால்தானே.

கடைசியில் கண்ணைத் திறந்து கீழே பார்த்தபோது, வேலை நின்றிருந்தது. ஆங்காங்கே நின்றவர்கள் எல்லோரும் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் எதிரே, பேச்சு கீழே போகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். அதுவரை எரிந்துகொண்டிருந்த வயிறு எரிச்சலையே மறந்துவிட்டது.

பாட்டிலை எடுத்ததும் ரேடியோ கரகரத்தது. சிக்னல் பேசவில்லை, மேஸ்திரி பேசினார்.

"கொக்கியை மேல ஏத்திப் பூட்டிட்டுக் கீழ வாங்க."

அந்த ஏணியில் அவர் அன்று இறங்கிய மாதிரி என்றைக்கும் இறங்கியதில்லை. ஒவ்வொரு படியும் ஒரு பதவி இறக்கமாக இருந்தது. கீழே போனதும் என்ன கேலி பேசுவார்கள் என்று அவரே ஒவ்வொருவருக்கும் வசனம் எழுதிக்கொண்டே வந்தார். ஆனால் தரையில் கால் வைத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கயிறு சுருட்டினார். கேலிக்காவது பதில் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

மேஸ்திரி அவரைத் தனியாக அழைத்துப் போய், சுற்றி வளைக்காமல் சொன்னார். நெஞ்சு வலி என்று தெரிந்த பிறகு மேலே விட்டால் நாளைக்குச் சுமையோடு சேர்த்து யார் தலையில் யார் விழுவது என்று தெரியாது. இன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேறு ஆள் ஓட்டட்டும். அதுவரை தரையில் கட்டுக்காரருக்கு உதவியாக நிற்கலாம், சம்பளம் குறையாது. மேலிடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பாட்டில் செய்த தப்புக்கு மனிதனைத் தண்டிப்பதா என்று கேட்டார். மேஸ்திரி அதற்குக் கோபப்படவில்லை. அந்தப் பாட்டிலுக்கு மாலை போட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குத் தகவல் போய், மனைவி வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அழவில்லை. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது மேலிடம் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். டாக்டர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார்.

பிறகு டாக்டர் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். காலையில் என்ன, மதியம் என்ன, எப்படிச் சாப்பிடுகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு, ராத்திரி எப்போது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுக்கிறீர்கள். மேலிடம் பிடி கொடுக்காமல் பதில் சொன்னார். தண்ணீர் ஒரு பாட்டில் குடிப்பதாகச் சொன்னார்.

"செடி குடிக்குது டாக்டர்," என்றாள் மனைவி. கேட்டின் ஓரத்துச் செடியைப் பற்றி சிக்னல் அவளிடம் சொல்லியிருந்தாள். "இவர் குடிக்கறது இல்ல."

டாக்டர் சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நாள் முழுக்கக் காய்ந்து கிடக்கிற வயிற்றில் ராத்திரி ஒரே மூட்டையாக இறக்கிவிட்டு உடனே படுத்தால், உள்ளே இருக்கிற புளிப்பு நீர் மேலே ஏறித்தான் வரும். நெஞ்சில் எரிகிற அடுப்பு அதுதான். மெல்லாமல் விழுங்கினால் பல்லின் வேலையையும் வயிறே பார்க்க வேண்டும். தண்ணீர் இல்லாமல், காய்கறி பழம் இல்லாமல் போனால் குடலில் எதுவும் நகராது. தலைவலிக்கும் கால் இழுப்புக்கும் வெயிலில் தண்ணீர் குடிக்காததே காரணமாக இருக்கலாம். ராத்திரி எரிச்சலில் தூக்கம் கெட்டால் பகலில் கோபம் வரத்தான் செய்யும். இப்போதைக்கு மாத்திரை தருகிறேன், ஆனால் மாத்திரை நெருப்பை அணைக்கும், நீங்கள் தினமும் விறகு வைத்தால் அது என்ன செய்யும் என்றார். சில வாரம் பழக்கத்தை மாற்றிப் பாருங்கள், குறையாவிட்டால் உள்ளே கருவி விட்டுப் பார்க்கலாம். நடுவில் எடை குறைந்தாலோ, விழுங்க வலித்தாலோ காத்திருக்காமல் வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீடு திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகு மனைவி கேட்டாள்.

"நான்தான் உங்களுக்குக் கெடுதல் பண்ணிட்டேனா? ராத்திரி அவ்வளவு போட்டுப் போட்டு?"

அவள் பரிமாறியதில் குறை இல்லை என்றும், அந்த ஒரு வேளைக்காகத்தான் நாள் முழுக்க மேலே உட்கார்ந்திருக்க முடிந்தது என்றும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அந்த வேளையை எப்படி விடுவது என்பதுதான் இருவருக்கும் கவலையாக இருந்தது. டாக்டர் ராத்திரிச் சாப்பாட்டை முன்னாலேயே, கொஞ்சமாக முடிக்கச் சொல்லியிருந்தார். அவள் வருவதற்குள் அவர் சாப்பிட்டுவிட்டால், அவள் தனியாகச் சாப்பிட வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றும்போது அவள்தான் ஒரு வழி சொன்னாள். காலையில் சேர்ந்து சாப்பிடலாமே. இரண்டு பேருமே கொஞ்சம் முன்னால் எழுந்துகொண்டால் போதும்.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. முதல் சில நாள் காலையில் அவருக்கு எதுவும் இறங்கவில்லை. கடனே என்று ஒரு ரொட்டித் துண்டும் பழமும் தின்றார். பிறகு ஒரு முட்டை சேர்ந்தது. கொஞ்ச நாளில் வேகவைத்த பயறு ஒரு கிண்ணம் சேர்ந்தது. அவள் பேசுவாள், அவர் மெல்லுவார். பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் வாயில் இருப்பதை ஒழுங்காக மென்று முடிக்க வேண்டியிருந்தது. ராத்திரி அவள் வரும்போது அவர் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டும் வந்திருப்பார். அவள் சாப்பிடும்போது பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். நான் சாப்பிடறதை இப்பதான் பார்க்கறீங்க, இத்தனை வருஷமா உங்க தட்டைத்தான் பார்த்தீங்க என்றாள் ஒருநாள்.

வேலையிடத்தில்தான் மனம் ஒட்டவில்லை. மேலே வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மோசமில்லாத கைதான், ஆனால் மதியம் ஆனதும் கொக்கியைப் பூட்டிவிட்டுச் சாவகாசமாக ஏணி இறங்கி வந்துவிடுவார். மேலிடம் அதை முதல் நாள் பார்த்தபோது உள்ளுக்குள் ஏளனமாகச் சிரித்துக்கொண்டார். இப்போது கீழே வேலை எப்படித் தடுமாறப் போகிறது, பாருங்கள் என்று காத்திருந்தார்.

வேலை தடுமாறவில்லை. கொக்கி நின்றதும் எல்லோரும் நின்றார்கள். கையைக் கழுவினார்கள். பலகைகளை இழுத்துப் போட்டு நிழலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கட்டுக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து, அதில் இருந்ததை ஏதோ புதிய பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மேலிடம் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் இப்படித்தானா என்று சும்மா கேட்டு வைத்தார். கட்டுக்காரர் சிக்னலைப் பார்த்தார். சிக்னல் மேஸ்திரியைப் பார்த்தாள். கடைசியில் சிக்னல்தான் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க மேல இருந்தா கொக்கி நிக்காது. கொக்கி நிக்கலன்னா நாங்க உட்கார முடியாது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர், நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்குவோம். இப்படி உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

கட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மேலிடத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுபோலவே, நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை. மேலே எரிந்தால் கீழேயும் எரியத்தானே செய்யும், கட்சி ஒன்றுதானே என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மேலிடமும் சிரித்தார். ஆனால் வாயில் இருந்த கவளத்தை நெடுநேரம் மென்றுகொண்டே இருந்தார். தான் இறங்காமல் இருப்பதால் இவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தார். சுமை கட்டுகிற அந்தச் சின்ன இடைவெளியில் தான் விழுங்கிய அதே நேரத்தில், கீழே இன்னொருவர் வாயில் கவளத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மேலிருந்து பார்த்தால் தலைக்கவசங்கள்தான் தெரியும், வாய் தெரிவதில்லை.

ஏன் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டு மேலேயே இருக்கும்போது எங்களுக்கு உட்கார வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்றாள் சிக்னல். மேஸ்திரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தப்பு தன் பேரில்தான் என்றார். இறங்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியவர் தானே என்றும், வேலை வேகமாக நடக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டதாகவும் சொன்னார்.

அன்றிலிருந்து தரையில் இருப்பது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. கீழே யாரைத் தெரியும் என்று வயிற்றிடம் கேட்டாரே, எல்லோரையும் ஒவ்வொருவராகத் தெரிய ஆரம்பித்தது. சிக்னலுக்கு வெங்காயம் ஆகாது. கட்டுக்காரர் பேச்சுக்கு நடுவில்தான் சாப்பிடுவார். சாப்பாட்டுக்கு நடுவில் பேசுவதில்லை. மேலிடம் அவசரமாக விழுங்கப் போனால் சிக்னல் தலையைக்கூடத் தூக்காமல், "மெதுவா. இன்னும் மெதுவா," என்பாள். கை தானாக நிதானப்பட்டுவிடும். அந்தக் குரலுக்கு அது அப்படிப் பழகியிருந்தது.

எரிச்சல் ஒரே நாளில் போய்விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசையை அடக்க முடியாமல் பொரித்ததைத் தட்டு நிறையத் தின்றுவிட்டு, பாதி ராத்திரியை உட்கார்ந்தே கழித்தார். ஆனால் அப்படிப்பட்ட ராத்திரிகள் அரிதாகிக்கொண்டே வந்தன. தலைவலி எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை. காலைக்கடன் காலையிலேயே தீர்ந்தது. இதை வெளியில் சொல்லிக் கொண்டாட முடியாது என்பதுதான் அவருக்கு ஒரே குறை. ஆனால் கேட்டின் ஓரத்துச் செடி மட்டும் ஒரு வாரத்தில் வாடிப்போனது. கட்டுக்காரர் அதைப் பார்த்து, மேலிடம் நிதியை நிறுத்திவிட்டது என்று சொல்லிவிட்டு, தானே ஒரு வாளியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார்.

தள்ளிப்போட்ட பரிசோதனை நாளும் வந்தது. அவர் எதையும் மறைக்கவில்லை. எது எரிந்தது, எப்போதிலிருந்து குறைந்தது என்று எல்லாவற்றையும் தானாகவே சொன்னார். தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை மனைவியிடம் காட்டியபோதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் ஏணியில் கால் வைப்பதற்கு முன்னால் மேஸ்திரி ஒன்றே ஒன்று சொன்னார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கொக்கியைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். வேலையை அதற்குத் தகுந்தபடி ஏற்கெனவே மாற்றிப் போட்டாயிற்று. மேலிடம் தலையாட்டிவிட்டு ஏறினார். வயிற்றில் காலைச் சாப்பாடு இருந்தும் ஏணி ஒன்றும் கனக்கவில்லை. உச்சியில் உட்கார்ந்து நெம்புகோல்களைத் தொட்டபோது, விட்டுப்போன உறவு கையைப் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது. ஊர் அதேபோல் காலடியில் கிடந்தது. ஆனால் இப்போது தலைக்கவசங்களுக்குக் கீழே யார் யார் என்று அவருக்குத் தெரிந்தது.

பாட்டிலை பெடலுக்கு எட்டாத மூலையில் வைத்தார். அவ்வப்போது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். கண்ணாடிப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. இறக்கு, மெதுவா, நில்லு.

மதியம் நெருங்கும்போது வயிற்றில் என்னவோ செய்தது. கை ஒரு கணம் நெம்புகோலில் இறுகியது. மறுபடியுமா என்று பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். எரியவில்லை. கனக்கவில்லை. கசப்பு ஏறவில்லை. உள்ளே இலேசாக, காலியாக, யாரோ மரியாதையாகக் கதவைத் தட்டுவதுபோல் ஒரு உணர்ச்சி. அது என்ன என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பசி. சின்ன வயதில் விளையாடிவிட்டு வீட்டுக்கு ஓடும்போது வருமே, அந்தப் பசி. எத்தனையோ வருஷமாக அவர் நேரம் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார், பயந்து சாப்பிட்டிருக்கிறார், பாசத்துக்காகச் சாப்பிட்டிருக்கிறார். பசித்துச் சாப்பிட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

பெடலிலிருந்து காலைத் தள்ளி வைத்து, விளக்கு எரியவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார். வயிற்றின்மேல் கையை வைத்து, நல்லா இருடா ராசா என்றார். உன்னை எவ்வளவு படுத்தியிருக்கிறேன், அத்தனைக்கும் நீ கூடவே இருந்தாயே என்றார். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார். காலையில் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவளை நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பலகை இறங்கியது. கொக்கியை மேலே ஏற்றிப் பூட்டினார். அப்புறம் பெடலை அழுத்தி மிதித்தார்.

"கொக்கி காலி," என்றார். அதுவரை வேலை வார்த்தை. அதோடு நிறுத்தியிருக்கலாம், சட்டப்படி நிறுத்தியிருக்கத்தான் வேண்டும். "மேலிடத்துக்குப் பசிக்குது."

கீழே அண்ணாந்து நின்ற தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது தெரிந்தது. கட்டுக்காரர் பலகையை இழுத்து நிழலில் போட்டார். பிறகு கரகரவென்ற சத்தத்துக்கு நடுவில் சிக்னலின் குரல் வந்தது.

"இறங்கு. மெதுவா." சற்றுப் பொறுத்து அவளும் சட்டத்தை மீறினாள். "உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்ண்ணே."